ஏழாம் நம்பர் அட்டையில் நிற்கும் மீனவன்

சென்ற மாதம் எங்கள் வட்டாரப் படக்காரர்கள் சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மடலில் என் படம் இருந்தது. என் கன்னத்து மருவைக் காணோம். கழுத்துச் சுருக்கம் இல்லை. நாற்பது வயதில் நான் இப்படி இருந்திருந்தால் என் கல்யாண வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும். "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் சங்கச் செயலாளர். "யாருப்பா இது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிறகு செயலாளர் தன் போனை எடுத்து, மேடையில் எடுத்த படத்தில் பின்னால் நின்றிருந்த மைக்செட்காரரை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மைக்செட்காரர் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் திரைச்சீலை, மடிப்புக்கூடப் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. அந்த மனிதர் அப்போது இரண்டடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்" என்று எனக்காக வருத்தப்பட்டார் செயலாளர். இருந்தது என்றேன். உடனே அதையே ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்துக்குள், இளையவர்களுக்கு ஊக்கம் தரும்படி இருக்க வேண்டுமாம். பக்கத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஊக்கத்துக்கும்தான்.

நான் அனுப்பம்பட்டுக்காரன். பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் ஒரே நாளில் கைவிட்டோம். பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதல் வருடம் தட்டு கழுவினேன், இரண்டாவது வருடம் படம் காயப் போட்டேன், மூன்றாவது வருடம் பென்சிலைத் தொட விட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மற்றவர்கள் எழுதும்போது இதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பார்கள்.

என் வேலை ரீடச்சிங், அதாவது நெகட்டிவிலேயே முகத்தைத் திருத்துவது. அதற்கான மேசை சாய்வாக இருக்கும். நடுவில் ஒரு சதுர ஓட்டை, அதில் சொரசொரப்புக் கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் சன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே ஏறி வரும். நெகட்டிவை அந்த வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து ஊசி முனையாக்க வேண்டும். மூச்சு விட்டால் கோடு பிசகும், அதனால் மூச்சை முன்பே விட்டு முடித்துவிட்டுக் கையை வைக்க வேண்டும். பொன்னேரி தாலுகாவில் அம்மைத் தழும்பே இல்லாத மாப்பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்கப் படங்களில் மட்டும் வாழ்ந்தார்கள். அதில் என் பங்கு கணிசமானது. பெண் வீட்டார் தாலி கட்டும் அன்றுதான் உண்மையைப் பார்ப்பார்கள். அதற்கு ஸ்டுடியோ பொறுப்பில்லை.

முதலாளியை மாஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை, வாயில் ஒரு கிராம்பு. அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். சாதாரணமாக என்னை 'நீ' என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "இந்தம்மா மூக்கைக் காணோமே, நீங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டால் அன்று மதியம் சாப்பாடு இறங்காது. பாராட்டு என்பது அவர் அகராதியில் இல்லை. வேலை நன்றாக இருந்தால் கிராம்பை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றுவார். இருபத்தெட்டு வருடத்தில் மூன்று முறை மாற்றினார். அதில் ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன்.

அந்தக் காலத்தில் பழவேற்காட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கார் வைத்துக்கொண்டு வருவார்கள். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, துணி வியாபாரம் செய்து, அங்கேயே செத்துப் புதைந்திருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கல்லறைகளில் தங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து தேடுவார்கள். வாங்கிக்கொண்டு போக ஊரில் கருவாட்டைத் தவிர ஒன்றும் கிடைக்காது. மாஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. 'டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காடு' என்று பன்னிரண்டு பட அட்டைகள் போடுவதாக முடிவு செய்தார். டச்சுக்காரர் காலத்தில் கேமரா கிடையாதே என்று நான் கேட்டேன். "அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்" என்றார்.

பெரிய மரக் கேமராவையும் கண்ணாடி நெகட்டிவ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவோம். டச்சுக்காரர் காலத்தில் என்னென்ன இருந்தது, என்னென்ன இல்லை என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே கிடையாது. புத்தகம் எதையும் பார்த்ததாக நினைவில்லை. கரண்ட் கம்பம் இருக்கக் கூடாது. சைக்கிள் கூடாது. நைலான் வலை கூடாது. சட்டை போட்ட ஆள் கூடவே கூடாது. ஆடு இருக்கலாம். "அவன் தாத்தன் செத்த இடத்தைப் பார்க்க வர்றான். நீ உயிரோட இருக்கிறவங்களைக் காட்டி அவனைப் பயமுறுத்தாதே" என்பார்.

ஆனால் கட்டடத்தின் உயரம் தெரிய, அளவுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும் என்பதும் அவர் கொள்கை. அந்த ஆள் மீனவனாக இருக்க வேண்டும், இடுப்பில் துண்டோடு இருக்க வேண்டும். பழவேற்காட்டு மீனவர்களுக்கோ வேலை இருந்தது. கூப்பிட்ட ஒருவர், "சட்டையக் கயட்டிட்டு நிக்கிறதுக்கு நான் இன்னா பொம்மையா?" என்று கேட்டுவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். "கழட்டு" என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டு அட்டையிலும் நிற்கும் பழவேற்காட்டு மீனவன் நான்தான். கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். அதன் பக்கத்தில் நான் நிற்கும் இரண்டாம் நம்பர் அட்டை நன்றாக விற்றது. என் விலா எலும்புகளுக்கும் அந்த வேலைப்பாட்டுக்கும் நல்ல பொருத்தம்.

ஏழாம் நம்பர் அட்டை ஏரிக் காட்சி. பழவேற்காட்டிலிருந்து படகில் ஏறி, பசியாவரம் தாண்டி, சங்குமேடு என்ற இடத்துக்குப் போனோம். ஏரி நடுவில் வெள்ளை மணல் மேடு, அதில் பதிமூன்று குடிசைகள். புகை படிந்து கறுத்த பனையோலைக் கூரைகள். ஓரத்தில் ஓர் அம்மன் கோயில். கோயில் என்றால் இடுப்பளவுக்கு ஒரு மாடம், சிப்பிச் சுண்ணாம்பு அடித்துப் பளீரென்று இருக்கும். அதற்குப் பின்னால் இருட்டாக வேலமரங்கள்.

அங்கேதான் எல்லம்மாவைப் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். படம் எடுக்க வந்திருக்கிறோம் என்றதும் அவர்தான் ஊரைக் கூட்டினார்.

"தம்பி, எங்க வூடும் வருமா படத்துல?"

"எல்லாம் வரும்கா" என்றேன். வராது என்று எனக்கு அப்போதே தெரியும்.

"அப்ப இரு. ஏய், புள்ளைங்களுக்குத் தலய வாரி உடுங்கடி. கலீஜா நிக்காதீங்க."

ஒவ்வொரு குடிசை வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள். எல்லம்மாவின் அப்பா மட்டும், படத்தில் தன் முகம் விழுவதைவிட அம்மன் விழுவதுதான் முக்கியம் என்று, கோயிலைப் பார்த்துக் கை கூப்பி நின்றுகொண்டார். மாஸ்டர் யாரையும் விலகச் சொல்லவில்லை. "நிக்கட்டும், நமக்கென்ன" என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்தக் கேமராவுக்குள் ஊரே தலைகீழாகத்தான் தெரியும், அதை எல்லம்மாவிடம் நான் சொல்லியிருந்தேன். எல்லம்மா தன் வீட்டுக்காரரின் துண்டையும், படகு தள்ளும் மூங்கில் கோலையும் எனக்குக் கொடுத்தார். நான் முன்னால் ஒரு படகில் ஏறி, கோலை ஊன்றி, பரம்பரை மீனவனைப் போல் தொடுவானத்தைப் பார்த்தேன்.

மேட்டிலிருந்து எல்லம்மா கத்தினார். "யோவ் தம்பி! கோலத் தலகீயா புடிச்சிக்கிறே! சேத்து மொனை மேல கீது பாரு!"

அந்தக் கோலின் அடி முனை வருடக்கணக்காகச் சேற்றில் ஊன்றிக் கறுத்திருக்கும். அதை நான் வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். திருப்பலாம் என்று கையை எடுத்தேன். "அசையாதே" என்றார் மாஸ்டர். அசையவில்லை. மேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள், அதுவும் நெகட்டிவில் விழுந்தது.

மறுநாள் மாஸ்டர் அந்த நெகட்டிவை என் மேசையில் வைத்தார். "மேட்டைச் சுத்தம் பண்ணு."

"எதை எடுக்கணும் மாஸ்டர்?"

"மணலைத் தவிர எல்லாத்தையும்."

இளையவர்களுக்கு முறையைச் சொல்கிறேன், ஊக்கம் கேட்டார்கள் அல்லவா. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த குடிசை வெறும் கண்ணாடியாகத் தெரியும், வெள்ளை மணல் கறுப்பாகத் தெரியும். ஆகவே குடிசையை ஒழிக்க, கண்ணாடியின் பின்புறம் சிவப்புப் பூச்சால் அடைக்க வேண்டும். வெளிச்சம் போகாது, படத்தில் அந்த இடம் மணலோடு மணலாக வெளுத்துவிடும். ஆனால் வெள்ளை அடித்த கோயில் நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அதைப் பூசி மறைக்க முடியாது. முன்புறம் படம் படிந்திருக்கும் மெல்லிய தோலைப் பிளேடு முனையால் சுரண்டி எடுக்க வேண்டும், அப்போது அது மரத்து இருட்டோடு கலந்துவிடும். சுருக்கமாக, கறுப்பாக இருப்பதற்குப் பூச்சு, வெளுப்பாக இருப்பதற்குக் கத்தி. பூச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். கத்தி போட்டது போட்டதுதான்.

இரண்டு பகல் வேலை. பதிமூன்று குடிசைகளையும் அடைத்தேன். வாசலில் நின்ற பெண்களை அடைத்தேன். வாரிவிட்ட தலைகளை அடைத்தேன். இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எல்லம்மாவுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. கை கூப்பி நின்ற பெரியவரை அடைத்தேன். கடைசியில் கோயிலைச் சுரண்டினேன். விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. எனக்கு மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. சுரண்டிய இடம் மரத்தோடு எவ்வளவு அழகாகச் சேர்ந்தது என்று பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். மாஸ்டர் வந்தார், பார்த்தார், கிராம்பைக் கன்னம் மாற்றினார்.

அட்டை அச்சாகி வந்தது. ஏரிக்கு ஒரு நீலம் பூசியிருந்தார்கள், அப்படி ஒரு நீலத்தை அந்த ஏரி பார்த்ததே இல்லை. ஆளரவமற்ற வெள்ளை மணல், முன்னால் படகில் ஒற்றை மீனவன். பின்புறம் ஸ்டுடியோ பெயரும் அச்சிட்ட வருடமும். சங்குமேட்டுக்கு ஒரு அட்டை கொண்டுவந்து தருவதாக எல்லம்மாவிடம் சொல்லியிருந்தேன். எந்த முகத்தோடு போய்க் கொடுப்பது? அந்தப் பக்கமே போகவில்லை.

பதினைந்து வருடம் போலப் போயிருக்கும். ஒருநாள் காலை ஸ்டுடியோவுக்குள் ஒரு பெண்மணி வந்தார், நேராக என் மேசைக்கு வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கோலு புடிக்கக் கத்துக்கினியா?"

எழுந்து நின்றுவிட்டேன். எல்லம்மா மடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி சங்குமேட்டில் பணக்காரர்கள் தங்கும் விடுதி கட்டப் போகிறதாம். மேடு பூராவும் வெறும் புறம்போக்கு, அதில் யாரும் எக்காலத்திலும் குடியிருந்ததில்லை, இப்போது இருப்பவர்கள் நேற்று வந்து குந்தியவர்கள் என்று அவர்கள் வக்கீல் மனு கொடுத்திருந்தார். ஆதாரமாக ஒரு படம் சேர்த்திருந்தார். ஏழாம் நம்பர் அட்டை.

"எங்க தாத்தன் காலத்துலருந்து கீறோம். ரேஷன் கார்டுல பசியாவரம்னு போட்டுக்கீது, அதுனால செல்லாதுன்றான். இந்தப் படத்தக் காட்டி, ஒரு ஓலகூட இல்லியே, எங்க இருந்தீங்கோன்றான். நாங்க இன்னா தம்பி சொல்றது? ஏரிக்குள்ள முங்கிக்கினு இருந்தோம்னா?"

"நான்தான்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"சேத்து மொனைய மேல காட்டிக்கினு நிக்கிறவன் எங்காளுல எவன் கீறான்? படத்தப் பாத்ததும் ஊரே சொல்லிச்சு, இது அந்தப் பொன்னேரி தம்பின்னு." அவர் குரல் இறங்கியது. "எல்லாம் வரும்னு சொன்னியே தம்பி."

வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் விசாரணை. அதற்குள் எதையும் காட்ட முடியவில்லை என்றால் பதிமூன்று குடும்பமும் மேட்டை விட்டு இறங்க வேண்டும்.

மாஸ்டருக்கு அப்போது வயதாகிவிட்டது, கிராம்பு மட்டும் அப்படியே இருந்தது. நெகட்டிவ் டின்களின் சாவி அவரிடம்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். 'நீங்க' வந்துவிட்டது. "நாப்பது வருஷமா நான் எடுத்த படம் எல்லாம் பொய்னு நீங்க சபையில போய்ச் சொல்லப் போறீங்க. அட்டையில உங்க பேரா போட்டிருக்கு? என் பேரு. அந்த டின்னு எங்க இருக்குன்னு எனக்கு ஞாபகம் இல்லீங்க."

எல்லம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உள்ளே வந்து, மனுவில் ஒட்டியிருந்த அட்டையை அவர் முன்னால் வைத்தார். "சாமி, நீங்கதான் துணிக்குள்ள தலய உட்டுப் பாத்தீங்க. எங்களத் தலகீயாவாச்சும் பாத்தீங்க இல்ல?"

மாஸ்டர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாப்பிடப் போவதாகச் சொல்லி எழுந்தார். மணி பத்தரை. அவர் போன பிறகு பார்த்தால் சாவிக் கொத்து என் மேசையில் இருந்தது, அவர் வைத்ததா மறந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

நெகட்டிவ் கிடைத்தது. பூச்சு பத்திரமாக இருந்தது, என் வேலை ஆயிற்றே. மறுநாள் சங்குமேட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, குடிசைகள் பூச்சுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன, கழுவினால் வந்துவிடும் என்றேன். அழுதார்கள். எல்லம்மா மட்டும், "கோயிலு?" என்றார்.

கோயில் இல்லை என்றேன். அதைக் கத்தியால் எடுத்துவிட்டேன் என்றேன்.

"இன்னா பெரிய விசயம். எடுத்த கைதானே. நீயே திருப்பி வெச்சுடு."

வைத்திருக்கலாம். கறுப்புப் பூச்சு, பொடிப் பொடியாகப் பென்சில், ஒரு மணி நேரம். கோயில் எப்படி இருந்தது என்று உலகத்திலேயே என்னைப்போல் உற்றுப் பார்த்தவன் கிடையாது. எந்த வக்கீலும் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

முடியாது என்று சொன்னேன். என் பென்சில் ஒரே ஒரு கோடு அதில் இருந்தாலும், குடிசைகளையும் நானே வரைந்தேன் என்பார்கள், எல்லாம் போய்விடும் என்றேன். இது நியாயமான காரணம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது யோக்கியனாக நிற்க எனக்கு ஆசை வந்துவிட்டது. அதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

விசாரணை பொன்னேரியிலேயே ஒரு கூடத்தில் நடந்தது. விசாரிக்க வந்த வருவாய்த்துறை அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அட்டையைக் காட்டி, "இந்தப் படகில் நிற்கும் மீனவர் யார், அவரை விசாரித்தீர்களா?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

"நீங்கள் சங்குமேடா?"

"அனுப்பம்பட்டு சார்."

பின்னால் சங்குமேட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நெகட்டிவை மேசையில் வைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரும் பஞ்சும் கேட்டேன். அதிகாரி கண் முன்னாலேயே பின்புறத்தை ஈரப் பஞ்சால் துடைத்தேன். தண்ணீர் சிவந்தது. சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது மணல் மேட்டில் ஒவ்வொன்றாகக் கூரைகள் எழுந்தன. அதிகாரி தானே பஞ்சை வாங்கி இரண்டு குடிசையைத் துடைத்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு குமாஸ்தாவை என்னோடு ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். இருட்டறையில், தண்ணீருக்கடியில் வெள்ளைத் தாளில் மனிதர்கள் எழும்பி வருவதைப் பார்த்துக் குமாஸ்தா முருகா என்றார். மதியம் படத்தோடு திரும்பினோம்.

கூட்டம் மேசையை மொய்த்தது. இது நான், இது எங்க அண்ணி, இது செத்துப்போன சித்தப்பன் என்று விரல் வைத்தார்கள். எல்லம்மா படத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நைனா" என்றார். அவருடைய அப்பா கை கூப்பி நின்றார். அவருக்கு எதிரே கோயில் இருந்த இடத்தில் கத்தி போட்ட கறுப்புக் கீறல். பெரியவர் அந்தக் கீறலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இவர் ஏமாற்றுக்காரர் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். இவர் பேச்சை எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேணாம் சார், தண்ணியை நம்புங்க" என்றேன். "நான் வெச்சதெல்லாம் தண்ணியில போயிடும். இதுக்கு மேல எவ்வளவு கழுவினாலும் இந்தக் குடிசைங்க போகாது. அப்புறம் அந்தக் கீறல். இல்லாத ஒண்ணை எவனாவது உக்கார்ந்து சுரண்டுவானா சார்?"

அதிகாரி பூதக்கண்ணாடியில் கீறலைப் பார்த்தார். "ஏதோ இருந்திருக்கிறது, சரி. அது கோயில்தான் என்று நான் எப்படி எழுதுவது?"

"எதிர்ல ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரே சார்."

"கும்பிடுகிறார். எதை என்பது படத்தில் இல்லையே" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான். படத்தில் இல்லாததை அவர் எழுத மாட்டார்.

என் வாக்குமூலத்தில் முதல் வரியே 'நான் மீனவன் அல்ல' என்பதுதான். கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் உத்தரவு வந்தது. பதிமூன்று வீட்டு நிலமும் அவர்களுக்கே. வேலமர ஓரத்தில் அந்தக் காலத்திலேயே வழிபாட்டு இடம் இருந்ததற்குச் சான்று இல்லாததால் அந்தப் பகுதி கம்பெனிக்கு. அவர்கள் முதல் வேலையாக அங்கே கம்பி வேலி போட்டார்கள். சங்குமேட்டுக்காரர்கள் அம்மனைத் தூக்கிக்கொண்டு வந்து வீடுகளுக்கு நடுவில் வைத்தார்கள். நான் நகத்தில் பாதியளவு சுரண்டியது தரையில் எவ்வளவு இடம் என்று அன்றுதான் தெரிந்தது. விடுதி என்னவோ இன்றுவரை வரவில்லை. வேலி இருக்கிறது.

நான் பார்க்கப் போனேன். பெண்கள் மோர் கொடுத்தார்கள், வீடு காப்பாற்றிக் கொடுத்தவன் என்றார்கள். எல்லம்மா என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் பொய் வரஞ்ச கை. எங்க ஆத்தாளுக்குன்னு ஒரு பொய் கேட்டப்ப மட்டும் இன்னா தம்பி வந்துச்சு இதுக்கு?"

நியாயமான காரணத்தை மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டார். "செரிதான். நீ நல்லவனாயிட்டே. ஆத்தாதான் வெளிய வந்துட்டா" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் எனக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். அது அழைப்பா தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. திருவிழா அன்று அம்மனைத் தூக்கிக்கொண்டு வந்து வேலி ஓரத்தில் சிறிது நேரம் இறக்கி வைப்பார்கள், பழைய இடத்தைப் பார்த்தபடி. நானும் பக்கத்தில் நிற்பேன்.

இந்த வருடம் நம் செயலாளரும் வந்திருந்தார், மலருக்கு அட்டைப்படம் வேண்டுமாம். அம்மன், வேலி, பின்னால் ஏரி எல்லாம் சரியாக அமைந்தது. நடுவில் நான் நின்றேன். விலகப் போனேன்.

"பரவால்ல சார், அப்படியே நில்லுங்க. அப்புறம் உங்களை எடுத்துடறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றார், போனை உயர்த்திக்கொண்டு.

எல்லம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, காது தெரியும். கோலை ஊன்றிக்கொண்டு வந்து, எனக்கும் அம்மனுக்கும் நடுவில் நின்றார். சேற்று முனை கீழேதான் இருந்தது.

"தொடாத நைனா" என்றார் செயலாளரிடம். "அவரு எங்க நிக்கிறாரோ அங்கியே நிக்கட்டும். செஞ்சது படத்துல தெரியட்டும்."